கேள்வி கேட்கிற கமிட்டிக்கு மினிட்ஸ் எழுதுறது யாரு?

ஃப்ளோட்டிங் ரேட்ல வீட்டுக் கடன் வாங்கியிருக்கீங்களா? போனஸ் வந்ததும் ஒரு தொகையை முன்கூட்டியே கட்டினா பேங்க் அபராதம் போட முடியாது. 2012 ஜூன்ல ரிசர்வ் வங்கி போட்ட உத்தரவு இது. அதுக்கு முந்தின வருஷம், செபியின் முன்னாள் தலைவர் எம். தாமோதரன் தலைமையிலான வாடிக்கையாளர் சேவை கமிட்டி கொடுத்த அறிக்கைதான் இதுக்கு வழி போட்டுச்சு.

இப்படி ஒரு அறிக்கை வந்தா தலைவர் பேர் எல்லாருக்கும் தெரியும். கூட்டத்துக்கு அஜெண்டா போட்டது, பேப்பர் திரட்டினது, பேசினதை எழுதினது யாருன்னு யாரும் கேட்கறதில்லை. நுகர்வோர் சார்பா கேள்வி கேட்கிற எந்த கமிட்டிக்கும் பலமோ பலவீனமோ அந்த நாற்காலியில இருந்துதான் ஆரம்பிக்குது.

பிரிட்டன்ல இதை நல்லாப் பார்க்கலாம். அங்கே நிதி நிறுவனங்களை மேற்பார்வை பண்றது எஃப்.சி.ஏ. அதையே நுகர்வோர் பக்கத்துல இருந்து கேள்வி கேட்க 'கன்ஸ்யூமர் பேனல்'னு ஒரு சுயேச்சையான குழு, சட்டப்படியே இருக்கு. உறுப்பினர்களை நியமிக்கிறது எஃப்.சி.ஏ. ஆனா தலைவரைப் போடவும் நீக்கவும் அந்நாட்டு நிதி அமைச்சகத்தோட ஒப்புதல் வேணும். பேனல் சொல்றதை எஃப்.சி.ஏ பரிசீலிக்கணும், அவ்வப்போது பதிலும் வெளியிடணும்.

ஆனா அந்தப் பேனலுக்குச் செயலக வேலை பார்க்கிறவங்க எஃப்.சி.ஏ ஊழியர்கள்தான்! யாரைக் கேள்வி கேட்கணுமோ அவங்க கிட்டயே சம்பளம். தப்புன்னு உடனே சொல்லிட முடியாது. உறுப்பினர்கள் பகுதி நேரமா வர்றவங்க. எந்த ஃபைல் எந்தத் துறையில இருக்கு, யாரைக் கேட்டா வேலை நடக்கும்னு உள்ளே இருக்கிறவருக்குத்தான் தெரியும். வெளியாள் வந்தா அதைக் கத்துக்கவே வருஷம் ஓடிடும்.

பிரச்சனை வர்ற இடம் வேற. கூட்டத்துல ஒரு உறுப்பினர், "இந்தக் கட்டணம் சின்ன வாடிக்கையாளர் தலையிலதான் விழும், நான் ஒத்துக்கலை"ன்னு சொல்றார்னு வெச்சுக்குங்க. மினிட்ஸ்ல "கட்டணம் குறித்து விவாதிக்கப்பட்டது"ன்னு வருது. அதுல ஒரு வார்த்தைகூட பொய் இல்லை. ஆனா ஆறு மாசம் கழிச்சுப் படிக்கிறவருக்கு எதிர்ப்பு இருந்த சுவடே தெரியாது. ஆடிட்டுக்குப் போனா நான் மினிட்ஸ் புத்தகத்தை முதல்லயே கேட்டு வாங்குறது இதனாலதான். "விவாதிக்கப்பட்டது", "குறித்துக்கொள்ளப்பட்டது"ன்னு பக்கம் பக்கமா வந்தா எனக்குச் சந்தேகம் வரும். இன்னொரு வழியும் இருக்கு: 200 பக்க பேப்பரை முந்தின நாள் ராத்திரி அனுப்புறது. படிக்க நேரம் இல்லாதவர் என்ன கேட்பார்?

நம்ம ஊர்ல, உங்க டெர்ம் பாலிசியைக் கொடுத்த இன்சூரன்ஸ் கம்பெனியிலயே பாலிசிதாரர் பாதுகாப்புக்குன்னு போர்டு அளவுல ஒரு கமிட்டி இருக்கணும்ங்கறது ஐ.ஆர்.டி.ஏ.ஐ விதி. பிரிட்டன் பேனல் மாதிரி வெளியே நிக்கிற குழு இல்லை இது, கம்பெனிக்குள்ளயே இருக்கிறது. அதனால செயலக வேலை இன்னும் கவனமா நடக்கணும்.

ஃபைனான்ஸ்லயோ கம்ப்ளையன்ஸ்லயோ இருக்கிறவங்களுக்கு இந்த வேலை ஒரு நாள் வந்து சேரும். "நீதான் ஜூனியர், மினிட்ஸ் நீ எழுது"ம்பாங்க. இந்தியக் கம்பெனிகளுக்கு செக்ரட்டேரியல் ஸ்டாண்டர்ட் 1 கணக்கு வெச்சிருக்கு: கூட்டம் முடிஞ்ச 15 நாளுக்குள்ள டிராஃப்ட், உறுப்பினர்கள் கருத்துச் சொல்ல 7 நாள், 30 நாளுக்குள்ள மினிட்ஸ் புத்தகத்துல ஏறணும். தேதி தவறாம இருக்கிறது சுலபம். எதிர்ப்புச் சொன்னவர் பேரையும் காரணத்தையும் எழுதுறதுதான் கஷ்டம். "இதைக் கொஞ்சம் மென்மையா எழுதுங்களேன்"னு மேனேஜர் கேட்டா, டிராஃப்டை அந்த உறுப்பினருக்கே அனுப்பி அவர் திருத்தத்தை இமெயில்ல வாங்கிடுங்க. அப்புறம் அது உங்க வார்த்தை இல்லை, அவரோடது. கூடவே, போன கூட்டத்துல கேட்டதுல எது முடிஞ்சது, எது யார் மேஜையில கிடக்குன்னு ஒரு பக்கம் எழுதி, அடுத்த அஜெண்டாவுல முதல் ஐட்டமா வையுங்க.