வீட்டு வாசலில் பாம்பு... கம்பை எடுக்கலாமா, போனை எடுக்கலாமா?

பொடக்காலியில் கிடக்கும் தேங்காய் மட்டைக் குவியலுக்கு அடியில் ஏதோ நெளியுது. தோட்டத்து வீடுகள் நிறைந்த உடுமலைப்பேட்டை பக்கம் இது யாருக்கும் நடக்கலாம். உடனே கை தேடுவது கம்பைத்தான். அங்கதான் தப்பு பண்றோம்!

ஏன் வீட்டுக்கு வருது?

பாம்பு நம்மைத் தேடி வருவதில்லை; எலியைத் தேடி வருது. மட்டைக் குவியல், விறகு அடுக்கு, சிந்திய தீவனம் இதெல்லாம் எலிக்கு வீடும் சாப்பாடும். அதைச் சுத்தம் செய்தாலே பாதி வேலை முடிஞ்சுது. பூண்டு, பினாயில் தெளிப்பதை நம்பி இருக்க வேண்டாம்.

எது ஆபத்து?

நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன். இந்தியாவில் பெரும்பாலான பாம்புக்கடி மரணங்களுக்கு இந்த நான்குதான் காரணம்.

இதில் கட்டுவிரியன் கதையே வேற. இரவில் நடமாடும். தரையில் தூங்குபவரைக் கடித்தாலும் பெரிதாக வலியோ வீக்கமோ இருக்காது. சில மணி நேரத்தில் வயிற்றுவலி வரும், கண் இமை சொருகும், பேச்சு குழறும். 'வாயுப் பிடிப்பு' என்று சோடா குடித்துவிட்டுக் காத்திருந்தால் மூச்சே நின்றுபோகலாம்.

பார்த்தால் என்ன செய்யணும்?

குழந்தைகளையும் நாயையும் உள்ளே அனுப்புங்க. தள்ளி நின்று, பாம்பு எங்கே போகுதுன்னு மட்டும் பாருங்க. தீயணைப்புத் துறைக்கு 101 அல்லது 112-இல் சொல்லுங்க. அடிக்கப் போய், பிடிக்கப் போய்க் கடி வாங்கியவர்கள் நிறைய. பாம்பைக் கொல்வது 1972 வனவிலங்கு பாதுகாப்புச் சட்டப்படியும் சிக்கல்தான்.

கடித்துவிட்டால்?

* 108-ஐ அழையுங்க.
* மோதிரம், வளையல், கொலுசைக் கழற்றுங்க.
* கடிபட்ட கை, காலை அசைக்காமல் வையுங்க. நடக்க விடாதீங்க.
* கயிறு கட்டுவது, கீறுவது, உறிஞ்சுவது, மந்திரிப்பது எதுவும் வேண்டாம்.
* பாம்பைப் பிடித்துக்கொண்டு போகத் தேவையில்லை. நான்குக்கும் சேர்த்து ஒரே விஷமுறிவு மருந்துதான். அரசு மருத்துவமனையில் இலவசம்.

மருத்துவமனையில் ரத்தத்தைக் கண்ணாடிக் குழாயில் எடுத்து, 20 நிமிடம் அசைக்காமல் வைப்பாங்க. உறையவில்லை என்றால் விரியன் விஷம் ஏறியிருக்கலாம் என்று அர்த்தம். 'சும்மா உட்கார வச்சிருக்காங்க' என்று பதறி வேறு இடம் ஓட வேண்டாம்.

அந்த மருந்து எங்கிருந்து வருது?

சென்னை அருகே வடநெம்மேலியில், 1978-இல் தொடங்கிய இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் விஷம் எடுத்துத் தருது. அதே சமூகத்தின் வடிவேல் கோபால், மாசி சடையன் இருவருக்கும் 2023-இல் பத்மஸ்ரீ கிடைத்தது.

2000 முதல் 2019 வரை இந்தியாவில் பாம்புக்கடியால் சுமார் 12 லட்சம் பேர் இறந்ததாக ஓர் ஆய்வு மதிப்பிடுகிறது. 2024-இல் தமிழ்நாடு அரசு இதை 'அறிவிக்கப்பட வேண்டிய நோய்' ஆக்கியது. இனி மருத்துவமனைகள் ஒவ்வொரு கடியையும் அரசுக்குத் தெரிவிக்கணும்.

நாம செய்ய வேண்டியது சின்ன விஷயம்தான். ராத்திரி வெளியே போகும்போது டார்ச்சும் செருப்பும். தூங்கும்போது கட்டிலும் கொசுவலையும். அந்த மட்டைக் குவியலை இந்த ஞாயிற்றுக்கிழமையே அகற்றிடுங்க. வெறும் கையால் மட்டும் வேண்டாம்!