உங்களுக்குத் தெரியுமா? – ஸ்பானிய இலக்கணத்தில் எழுத முடியாத ஒரு கட்டளை!

● ஸ்பானிய மொழிக்கு முதன்முதலில் அச்சான இலக்கண நூல் 1492 ஆகஸ்டில் சலமன்கா நகரில் வெளிவந்தது. எழுதியவர் அந்தோனியோ தெ நெப்ரிஹா. கொலம்பஸ் கப்பலேறியதும் அதே மாதம்தான்.

● ஆள், மாடு, புத்தகம் எதைப் பற்றிப் பேசினாலும் ஸ்பானியர்களுக்கு 'கே' என்ற ஒரே இணைப்புச் சொல் போதும். 'நான் வாங்கிய புத்தகம்' என்பது 'எல் லிப்ரோ கே கொம்ப்ரே'. ஆங்கிலத்தில் இந்த இடத்தில் 'தட்' போடாமலும் சொல்லலாம். ஸ்பானியத்தில் 'கே' கட்டாயம். தமிழில் அப்படி ஒரு சொல்லே வேண்டாம். 'வாங்கிய' என்ற பெயரெச்சம் வேலையை முடித்துவிடும்.

● மனிதர்களுக்கென்றே 'கியென்' என்ற சொல்லும் உண்டு. ஆங்கிலம் வழியாகப் படிப்பவர்கள் 'ஹூ' வரும் இடமெல்லாம் இதைப் போட்டு மாட்டிக்கொள்வார்கள். 'வந்த மனிதர்' என்பது 'எல் ஓம்ப்ரே கே வினோ'தான்; இங்கே 'கியென்' வந்தால் பிழை.

● 'எந்தப் பெண்ணுடைய மகனோ, அந்தப் பெண்' என்று சொல்ல 'கூயோ' வேண்டும். பேச்சு பெண்ணைப் பற்றியது. ஆனாலும் சொல் மகனைப் பார்த்து ஆண்பாலாகிறது. ஓர் ஆணின் வீடு என்றால் 'கூயா', ஏனென்றால் ஸ்பானியத்தில் வீடு பெண்பால்!

● 'பேசு' என்பதற்கு 'ஆப்லா'. 'பேசாதே' என்பதற்கு 'நோ ஆப்லெஸ்'. 'சாப்பிடு' என்றால் 'கோமே', 'சாப்பிடாதே' என்றால் 'நோ கோமாஸ்'. முன்னால் 'நோ' சேர்த்தால் மட்டும் போதாது, வினையின் கடைசி உயிரும் மாற வேண்டும். 'வா' என்பது 'வராதே' ஆகும் நம் மொழிக்காரர்களுக்கு இது பெரிய வியப்பாக இருக்காது.

● 'நீ' என்று அழைப்பவரிடம் சொல்லும் கட்டளைகளில் எட்டு, விதிக்குள் அடங்காதவை: தி (சொல்), ஆஸ் (செய்), வே (போ), போன் (வை), சால் (வெளியே வா), சே (இரு), தென் (வைத்துக்கொள்), வென் (வா). எட்டும் ஓரசைச் சொற்கள். இவற்றில் 'வே' என்பதற்குப் 'பார்' என்ற பொருளும் உண்டு. இடம் பார்த்துத்தான் புரிந்துகொள்ள வேண்டும்.

● 'தீமெலோ' என்ற ஒரே சொல்லுக்குள் 'சொல் – எனக்கு – அதை' மூன்றும் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. 'சொல்லாதே' என்றதும் ஒட்டு விட்டுப்போய், 'நோ மெ லோ திகாஸ்' என 'எனக்கு'ம் 'அதை'யும் வினைக்கு முன்னால் வந்துவிடும்.

● நண்பர்கள் கூட்டத்தைப் பார்த்து 'கிளம்புங்கள்' என்று சொல்ல, இலக்கணப்படி 'இதோஸ்'. ஸ்பெயின் மக்களோ 'இரோஸ்' என்றே சொல்லிவந்தார்கள். 1713-இல் தொடங்கிய ராயல் ஸ்பானிய அகாடமி 2017-இல் இறங்கிவந்து 'இரோஸ்' வடிவத்தையும் ஏற்றுக்கொண்டது.

● ஸ்பெயினில் 'வா' என்பதற்கு 'வென்'. புவெனஸ் அயர்ஸ் தெருக்களில் 'வெனீ'.

● 'சால்' என்ற கட்டளையோடு 'அவருக்கு' என்னும் 'லே' சேர வேண்டிய இடம் உண்டு. சேர்த்து எழுதினால் 'எல்' எழுத்து இரண்டு பக்கத்தில் பக்கத்தில் நிற்கும். இரட்டை 'எல்' ஸ்பானியத்தில் 'ய' போல ஒலிக்கும் வேறு ஒலி. பிரித்து எழுதவும் விதி இடம்தரவில்லை. வாயால் சொல்லலாம், எழுத முடியாது. எழுதும்போது வேறு சொல்லைத் தேடிக்கொள்ளுங்கள் என்பதே அகாடமியின் தீர்ப்பு.