அடிநாதத்துக்கு ஒரு பெயர்

சென்ற வாரம் மன்னார் நாடகங்கள் அச்சேறிய கதையைப் பார்த்தோம். 1964இல் ‘என்றீக் எம்பரதோர்’, 1966இல் ‘மூவிராசாக்கள்’, 1967இல் ‘ஞானசவுந்தரி’ என்று பேராசிரியர் சு. வித்தியானந்தன் அடுத்தடுத்துப் பதிப்பித்ததால் மாதோட்டத்துப் புலவர்களின் சொல் தப்பியது. தரு, கொச்சகம், விருத்தம் என்ற பாட்டு வகைகள் எல்லாம் இன்றைக்கும் புத்தகத்தில் இருக்கின்றன. ஆனால் அந்தத் தருவைத் தூக்கி நிறுத்திய மத்தளகாரர் யார், பின்னால் நின்று பிற்பாட்டுப் பாடியவர்கள் யார்? பெரும்பாலும் நாடகத்தைப் பழக்கிய அண்ணாவியாரின் பெயரோடு ஊர் ஞாபகம் முடிந்துவிடுகிறது. பக்கத்தில் நின்றவனை நினைவுகூர நமக்கு இன்னும் ஒரு முறை அமையவில்லை என்பதே இந்த வாரம் நான் சொல்ல வந்தது. அப்படியொரு முறை எப்படி இருக்கும் என்று காட்டுவதற்கு மன்னாருக்கு மிகவும் தூரத்தில் நடந்த ஒரு சாவை எடுத்துக்கொள்கிறேன்.

2015 ஜூன் 27ஆம் திகதி அமெரிக்காவின் ஃபீனிக்ஸ் நகரில் கிறிஸ் ஸ்குவயர் இரத்தப் புற்றுநோயால் இறந்தார். வயது 67. லண்டன்காரர். சிறுவனாகக் கோவில் பாடகர் குழாமில் பாடிப் பழகியவர். 1968இல் ஜோன் அண்டர்சனோடு சேர்ந்து ‘யெஸ்’ என்ற குழுவைத் தொடங்கினார். மூன்று நிமிடப் பாட்டுக்குள் அடங்க மறுத்து, இசைத்தட்டின் ஒரு பக்கம் முழுவதையும் ஒரே பாட்டுக்குக் கொடுக்கத் துணிந்த ‘புரோகிரசிவ் றொக்’ வகையின் முன்னோடிகளில் அந்தக் குழுவும் ஒன்று. பாடகர் மாறினார், கீபோர்ட்காரர்கள் பலர் வந்து போனார்கள், ட்ரம்ஸ் வாசித்தவரும் மாறினார். ஸ்குவயர் இறக்கும்வரை குழு வெளியிட்ட எல்லா ஸ்டூடியோ அல்பங்களிலும் வாசித்தவர் அவர் ஒருவர்தான். அவர் வாசித்ததோ பேஸ் கிற்றார். நான்கு தடித்த நரம்பு கொண்ட அந்தக் கருவியைப் பெரும்பாலான கேட்போர் தனியாகக் காதில் வாங்குவதே இல்லை. நிறுத்திவிட்டால் மட்டும் பாட்டு ஏன் வெறுமையாகிவிட்டது என்று தேடுவார்கள்.

அவருடைய ரசிகர்கள் அவரை நினைத்த விதத்தில்தான் நமக்குப் பாடம் இருக்கிறது. நல்லவர், வல்லவர் என்பதோடு அவர்கள் நிற்கவில்லை. 1971இல் வந்த ‘ஃபிரஜைல்’ அல்பத்தின் ‘ரவுண்டபவுட்’ பாட்டில் அவர் வாசித்த அந்த முரட்டு ஓட்டத்தைச் சொன்னார்கள். விரலால் அல்லாமல் ‘பிக்’கால் மீட்டியதையும், றிக்கன்பாக்கர் கருவியிலிருந்து அடித்தொனியோடு கூர்மையான மேல்தொனியையும் சேர்த்து எழுப்பியதையும் சொன்னார்கள். அதே அல்பத்தில் ‘த ஃபிஷ்’ என்றொரு சிறு பாட்டு உண்டு. அதில் மெட்டு, தாளம், அடி என்று ஏறக்குறைய எல்லாமே பேஸ் கிற்றாரின் வெவ்வேறு குரல்கள்தான். ஒன்றின்மேல் ஒன்றாகப் பதிந்து கட்டியது. ‘மீன்’ என்பது நண்பர்கள் அவருக்கு வைத்த பட்டப்பெயர். பாட்டின் உபதலைப்பாக ஒரு சின்னஞ்சிறு மீனின் விஞ்ஞானப் பெயரே இருக்கிறது. 2017 ஏப்ரலில் ‘யெஸ்’ குழு அமெரிக்காவின் றொக் இசைப் புகழ் மண்டபத்தில் சேர்க்கப்பட்டபோது, ‘ரவுண்டபவுட்’டில் ஸ்குவயரின் இடத்தில் நின்று வாசித்தவர் ‘ரஷ்’ குழுவின் பேஸ் கலைஞர் கெடி லீ. ஸ்குவயரின் வாசிப்பைக் கேட்டு வளர்ந்த ரசிகர் அவர். இறந்தவனின் பங்கை ஒரு ரசிகன் கையில் எடுத்து வாசித்துக் காட்டியதைவிடப் பொருத்தமான அஞ்சலி எனக்குத் தெரியவில்லை.

இதை நம்முடைய அஞ்சலியோடு ஒப்பிட்டுப் பாருங்கள். ஒரு கலைஞர் கண்மூடினால் சந்தியில் ‘கண்ணீர் அஞ்சலி’ பனர் ஏறும். 31ஆம் நாளுக்குள் நினைவு மலரோ கல்வெட்டோ அச்சாகும். அதில் ‘கலை வானில் ஒளிர்ந்த விண்மீன்’ இருக்கும், ‘ஈடுசெய்ய முடியாத இழப்பு’ இருக்கும். அன்போடு எழுதப்பட்ட வரிகள்தான், குறை சொல்லவில்லை. ஆனால் பெயரை மாற்றிவிட்டால் அதே வரிகள் இன்னொருவருக்கும் பொருந்தும். எந்த நாடகத்தில், எந்தத் தருவில், அவர் கை என்ன செய்தது என்பது அதில் இராது. முன்னால் நின்று பாடியவருக்காவது பாட்டு மிஞ்சுகிறது. பைலாப் பாடகர் ஏ. ஈ. மனோகரன் 2018 ஜனவரியில் சென்னையில் மறைந்தபோது ‘சுராங்கனி’ என்ற ஒரு சொல்லே போதுமாக இருந்தது. அந்தப் பைலாவுக்குப் பின்னால் வாசித்தவர்களை யார் நினைத்தார்கள்?

மத்தளகாரரின் வேலையைக் கொஞ்சம் கிட்ட நின்று பார்ப்போம். நாடகம் இரவு தொடங்கி வெள்ளாப்புவரை நீளும். கடற்காற்றின் ஈரத்தில் தோல் இளகும், நாதம் இறங்கும். அவர் வாரை இறுக்கிச் சுருதியைப் பிடித்துக்கொண்டே இருக்க வேண்டும். பாத்திரம் ஆடுகளமான களரிக்கு வரும் வரவுக்கு ஒரு நடை, தருவுக்கு வேறு நடை, விருத்தத்தில் கை ஓய்ந்து காத்திருக்கும். வலந்தலை சொல்லைச் சொல்ல, இடந்தலையின் தடித்த நாதம் நிலத்தைப்போல் கீழே கிடக்கும். மூன்றாம் சாமத்தில் அரச வேடக்காரரின் குரல் கம்மும்போது பிற்பாட்டுக்காரர் அடியைத் தாங்கள் வாங்கிக்கொள்வார்கள்; அவர் மூச்சு வாங்கி அடுத்த அடிக்கு வருவார். ஸ்குவயர் செய்ததும் இதேபோன்ற வேலைதான். மேலே பாடுகிறவர் விழாதபடி கீழே ஒரு தளம் போடுவதும், தேவைப்பட்டால் அந்தத் தளமே எழுந்து பாடுவதும்.

இங்கே ஒரு நியாயமான மறுப்பு வரும். ஸ்குவயருக்கு இசைத்தட்டு இருந்தது. திரும்பத் திரும்பக் கேட்டதால்தான் ரசிகர்களுக்கு நுணுக்கம் தெரிந்தது. களரியில் ஒரே இரவில் கரைந்துபோன மத்தளத்தை எங்கே போய்க் கேட்பது? பாதி உண்மைதான். கரைந்தது கரைந்ததே. ஆனால் இன்று வாசிக்கிறவர்கள் இருக்கிறார்கள், ஒவ்வொரு வீட்டிலும் கைத்தொலைபேசி இருக்கிறது. நாடகத்தைப் படம் பிடிப்பவர்கள் கிரீடத்தையும் உடுப்பையும் பிடிக்கிறார்கள். ஒலிவாங்கி பாடுகிறவர் வாயருகே இருக்கிறது. மத்தளத்துக்குப் பக்கத்தில் இன்னொன்றை வைப்பதற்குப் பெரும் செலவு இல்லை. அது முக்கியம் என்ற எண்ணம் வராததுதான் காரணம். பதிவே இல்லாத பழையவர்கள் விஷயத்திலும் வழி அடைபட்டுவிடவில்லை. அவரிடம் பழகிய கை இன்னும் ஊரில் இருந்தால் அந்தக் கையே சாட்சி. ‘இந்த நடை அவரிடமிருந்து வந்தது’ என்று அது வாசித்துக் காட்டும்.

இரண்டாவது மறுப்பு கனமானது. போரால் 1990இல் தலைமன்னார் ரயில் நின்றது. மீண்டும் ஓட 2015 ஆனது. அந்த 25 ஆண்டுக்குள் இந்தக் கரையிலிருந்து எத்தனை பேர் படகேறி மண்டபம் முகாமுக்குப் போனார்கள். 1990 ஒக்டோபரில் முஸ்லிம் சனங்கள் ஒரேயடியாக வெளியேற்றப்பட்டார்கள். 2007இல் முள்ளிக்குளம் ஊரோடு பெயர்ந்தது. இத்தனை சாவுக்கும் சிதறலுக்கும் நடுவே ஒரு மத்தள நடையைப் பற்றிப் பேசலாமா என்று யாராவது கேட்டால் எனக்குக் கோபம் வராது. ஆனால் நாடகம் தனி ஆளால் நடப்பதல்ல. வேடக்காரர், மத்தளம், பிற்பாட்டு, களரி போடுகிறவர்கள் என்று ஒரு ஊர் கூடினால்தான் நடக்கும். ஊர் பெயர்ந்தபோது புத்தகத்தைப் பைக்குள் வைத்துக் கொண்டுபோக முடிந்தது. பிற்பாட்டைக் கொண்டுபோக முடியவில்லை. பாடியவர்கள் ஆளுக்கொரு முகாமில் இருந்தார்கள். அந்தப் பின்குரல்களை நினைப்பதும் பிரிந்துபோன ஊரை நினைப்பதும் எனக்கு வேறுவேறாகத் தெரியவில்லை.

ஆகவே, அடுத்த தடவை ஒரு மத்தளகாரருக்குக் கல்வெட்டு எழுத உட்காருகிறவர்கள் ‘விண்மீனை’ விட்டுவிடட்டும். ஒரு கொப்பியை எடுத்து, அவரோடு களரியில் நின்ற இரண்டு பேரைக் கூப்பிட்டு உட்கார்த்திக் கேட்கட்டும்: எந்த ஆண்டு, எந்தக் கோவிலடி, எந்த நாடகம், எந்தத் தரு, அதில் அவர் கை எங்கே எல்லாரையும் நிமிர்ந்து பார்க்க வைத்தது? அந்த இடத்தை அவருடைய மாணவன் ஒருவன் 31ஆம் நாள் பூசை முடிந்ததும் கோவில் முற்றத்தில் வாசித்துக் காட்டட்டும்.