கோயமுத்தூர்க் கரும்பும் அதனை உண்டாக்கிய தலைமையும்

ஈரோட்டுப் பக்கத்தில் காலிங்கராயன் வாய்க்கால் பாசனத்தில் கரும்பு பயிரிடும் குடியானவர்கள், தாங்கள் நடும் கரணையின் பெயரில் ‘கோ’ என்ற எழுத்து முன்நிற்பதை அறிவார்கள். அது கோயமுத்தூரைக் குறிப்பது. 1912-ம் ஆண்டில் அந்நகரில் ஏற்பட்ட கரும்பு ஆராய்ச்சி நிலையத்தில் பிறந்த ஜாதி என்பதற்கு அதுவே அடையாளம்.

அந்நிலையம் தோன்றிய காலத்தில், இத்தேசத்தில் கரும்பு நிலம் ஏராளமாக இருந்தும் சர்க்கரை ஜாவாவிலிருந்து கப்பல் கப்பலாக வந்து இறங்கிக்கொண்டிருந்தது. வடநாட்டுக் கரும்புகள் கோல்போல் மெலிந்தவை. தென்னாட்டின் பருத்த கரும்புகளோ அங்குள்ள குளிரையும் வறட்சியையும் தாங்கவில்லை. புதிய ஜாதி உண்டாக வேண்டுமாயின் கரும்பு பூத்து வித்துக்கட்ட வேண்டும். வடக்கில் அஃது அரிது, கோயமுத்தூரில் எளிது. எனவே வடநாட்டுக்கு வேண்டிய கரும்பைக் கொங்குநாட்டில் தேடும்படி நேர்ந்தது.

நிலையத்தின் முதல் தலைவர் டாக்டர் சி. ஏ. பார்பர். அவருக்கு உதவியாளராயிருந்தவர் டி. எஸ். வேங்கடராமன். ‘வெள்ளை’ என்னும் பருத்த கரும்புடன், நாணல் இனத்தைச் சேர்ந்த பேய்க்கரும்பை இணைத்துப் பார்த்தார்கள். இனிப்பற்ற காட்டுப் புல்லைக் கரும்புக்குச் சம்பந்தம் பேசுவதென்றால் எந்தக் குடியானவனும் நகைப்பான். ஆயினும் அவ்விணைப்பில் பிறந்த ‘கோ 205’ 1918-ல் பஞ்சாபுக்கு அளிக்கப்பட்டு, அங்குள்ள நாட்டுக் கரும்பைவிடச் சுமார் பாதி அதிகமாக விளைந்தது. மறு ஆண்டு பார்பர் விலக, உதவியாளரே தலைமை ஏற்று 1942 வரை நடத்தினார். வேலையின் நூல் அறுபடாமைக்கு இதுவும் ஒரு காரணம் எனலாம்.

புதுமையைக் காண்பதைவிடக் கடினமானது கழித்தல். ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கான நாற்றுகள் வளர்க்கப்பட்டன. அவற்றுள் தேறியவை மிகச் சில. தாமே பேணி வளர்த்த நாற்றைத் தாமே பிடுங்கி எறிய எவருக்கும் மனம் எளிதில் வராது. அதற்குத் துணியாத நிலையத்திலிருந்து குடியானவனுக்கு நல்ல கரணை கிடைப்பதும் அரிது. தேறியவையுங்கூடக் கோயமுத்தூர் மண்ணில் நன்றாயிருந்ததென்று அப்படியே விடப்படவில்லை; வெவ்வேறு மாகாணங்களின் பண்ணைகளில் பயிரிட்டுப் பார்க்கப்பட்டன. வடநாட்டுச் சீதோஷ்ணத்திலேயே தெரிந்தெடுப்பதற்காக 1932-ல் கர்னாலில் ஒரு கிளை நிலையமும் திறக்கப்பட்டது.

போட்டியாளனிடமுள்ள நன்மையை ஏற்கவும் அவர்கள் கூசவில்லை. தென்னாட்டில் நெடுங்காலம் கோலோச்சிய ‘கோ 419’, ஜாவாவின் புகழ்பெற்ற ‘பி. ஓ. ஜே. 2878’ கரும்புடன் ‘கோ 290’ சேர்ந்து பிறந்ததே.

தோல்வியும் இல்லாமலில்லை. பீகாரில் பெரிதும் பரவிய ‘கோ 213’, 1930-களின் இறுதியில் செவ்வழுகல் நோய்க்கு இரையாயிற்று. வயல் வயலாகக் கரும்பு காய்ந்து நின்றது. ஒரே ஜாதியை எங்கும் நட்டதன் பலன் அது. அதற்கு ஈடான வேறு ஜாதிகளைத் தேடும் வேலை நிலையத்துக்கு மீண்டும் வந்து சேர்ந்தது.

இன்றும் கொங்குநாட்டில் மிகுதியாகப் பயிராவது ‘கோ 86032’. எண்ணின் முதலிரு இலக்கங்கள் அது நிலையத்தில் தெரிந்தெடுக்கப்பட்ட 1986-ம் ஆண்டைக் குறிப்பன. சாகுபடிக்கென அது முறையாக வெளியிடப்பட்டது 2000-ல்.