எழுதியவரே பதிப்பாளர்

ஒரு புத்தகத்தின் முதல் தாளைத் திருப்பினால், உரிமை விவரங்களுக்கு அருகே ‘வெளியீடு’ என்றொரு வரி இருக்கும். பெரும்பாலும் அங்கே ஒரு பதிப்பகத்தின் பெயர் வரும். சில புத்தகங்களில் மட்டும் ‘ஆசிரியர் வெளியீடு’ என்று இருக்கும். அல்லது யாரும் கேள்விப்படாத ஒரு பதிப்பகப் பெயரும், அதன் கீழே எழுத்தாளரின் வீட்டு முகவரியும் இருக்கும். பேத்தியின் பெயரிலோ குலதெய்வத்தின் பெயரிலோ தொடங்கப்பட்ட அந்தப் பதிப்பகம் பல நேரம் அந்த ஒரே புத்தகத்தோடு முடிந்துபோகும். இப்படித் தம் நூலைத் தாமே கொண்டுவருகிறவர்களைத்தான் சுயாதீன எழுத்தாளர்கள் என்கிறார்கள். எழுத்து, அச்சு, விலை, விற்பனை, நட்டம் எல்லாம் அவர்கள் தலையில்.

இந்தப் புத்தகங்களுக்கு ஒரு பொதுக்குணம் சொல்வது கடினம். கோயில் குடமுழுக்கையொட்டி வரும் ஊர் வரலாறு, ஓய்வுபெற்ற தலைமையாசிரியரின் தன்வரலாறு, முனைவர் பட்ட ஆய்வேடு, கைவைத்தியக் குறிப்பு, வெண்பாத் தொகுப்பு, ஹைக்கூ, அறிவியல் புனைகதை, குழந்தைப் பாடல், படக்கதை என்று எல்லாம் உண்டு. இணையத்தில் தொடராக எழுதி வாசகியர் வட்டம் ஒன்றைத் திரட்டிக்கொண்ட பிறகு அச்சுக்கு வரும் குடும்ப நாவல்கள் தனி உலகம். தரமும் அப்படித்தான். பக்கத்துக்குப் பத்துப் பிழை மலிந்த தொகுப்பும் இருக்கும். எந்தப் பெரிய பதிப்பகமும் தொடத் துணியாத அரிய நூலும் இருக்கும். ஒரு சிற்றூரின் ஏரிகளையும் மடைகளையும் பற்றி இருநூறு பக்கம் எழுதினால் அதை வாங்க ஐந்நூறு பேர் தேறுவது அரிது. கணக்குப் பார்க்கும் பதிப்பகம் அதை ஏற்காது. அந்த ஊர்க்காரருக்கோ அதற்கு ஈடான புத்தகம் வேறு கிடையாது.

சுயாதீனம் என்ற சொல் இன்று சற்றுத் தாராளமாகவே புழங்குகிறது. சென்னையில் 1994இல் தொடங்கிய தாரா புக்ஸ், 1996இல் தொடங்கிய தூலிகா போன்றவை பெருநிறுவனங்களைச் சாராத சிறு பதிப்பகங்கள். அவை தாமே நூலைத் தேர்ந்தெடுத்துத் தம் பணத்தைப் போடுகின்றன. அங்கே எழுத்தாளர் செலவழிப்பதில்லை. ஆசிரியர் வெளியீட்டில் பணமும் முடிவும் எழுத்தாளருடையவை. இந்த இரண்டுக்கும் நடுவே, எழுத்தாளரிடம் ஒரு தொகை வாங்கிக்கொண்டு தன் முத்திரையோடு புத்தகம் போட்டுத் தரும் நிறுவனங்கள் பெருகியிருக்கின்றன. மெய்ப்புப் பார்த்தல், அட்டை, அச்சு என்று சேவையைச் செய்து அதற்குக் கூலி வாங்குவதில் தவறில்லை. எத்தனை படி அச்சிடப்படும், விற்காத படிகள் யாருடையவை, உரிமை யாரிடம் இருக்கும் என்ற மூன்றையும் எழுத்தில் கொடுக்காத இடத்தில்தான் வம்பு. முதல் புத்தகம் அச்சில் வரும் மகிழ்ச்சியில் ஒப்பந்தத்தைப் படிக்காமல் கையெழுத்துப் போடுகிறவர்கள் அதிகம்.

கைக்காசைப் போட்டு நூல் கொண்டுவருவது தமிழ் அச்சு வரலாற்றில் விதிவிலக்காக இருந்ததில்லை. நெடுங்காலம் அதுவே வழக்கம். கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியராக இருந்த உ.வே.சாமிநாதையர் 1887இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தபோது, அச்சுச் செலவுக்காக முன்கூட்டியே பலரிடம் கையொப்பம் திரட்டினார். ‘புத்தகம் வந்ததும் இத்தனை படி வாங்கிக்கொள்கிறேன்’ என்று கையெழுத்திட்டு உறுதி கொடுப்பதுதான் கையொப்பம். இன்று முன்பதிவு என்றும் கூட்டுநிதி என்றும் சொல்லப்படுவது இந்த ஏற்பாட்டின் மறுபிறவி. அச்சிடுவதற்கு முன்பே வாசகரைக் கண்டுபிடித்துவிடும் இந்த உத்தியைப் பிடித்துக்கொண்டவர்கள் பிழைத்தார்கள். அச்சிட்ட பிறகு வாசகரைத் தேடியவர்கள் கடனாளி ஆனார்கள்.

பாரதியார் தேடியது முதலீட்டை. 1920இல் கடையத்தில் இருந்தபோது, தம் எழுத்து முழுவதையும் நாற்பது நூல்களாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் 10,000 படிகள் அச்சிடத் திட்டமிட்டார். ‘தமிழ் வளர்ப்புப் பண்ணை’ என்று அதற்குப் பெயரும் வைத்து, நண்பர்களிடம் கடனாகப் பணம் கேட்டுக் கடிதம் எழுதினார். பணம் வரவில்லை. அடுத்த ஆண்டே அவர் மறைந்தார். 1922இல் செல்லம்மா பாரதி, பாரதி ஆச்ரமம் என்ற பெயரில் ‘சுதேச கீதங்க’ளை வெளியிட்டார். தமிழின் மிகப் பெரிய கவிஞனின் நூலும் அவர் மறைவுக்குப் பின் குடும்ப வெளியீடாகத்தான் வந்தது என்பதை, பதிப்பகம் கிடைக்கவில்லை என்று சோர்ந்துபோகிறவர்கள் நினைத்துக்கொள்ளலாம். அமெரிக்காவிலும் கதை ஏறக்குறைய இதுவே. 1855இல் வால்ட் விட்மன் தம் ‘புல்லின் இதழ்க’ளைச் சொந்தச் செலவில் 795 படிகள் அச்சிட்டார், சில பக்கங்களுக்குத் தாமே எழுத்தும் கோத்தார். பிறகு பெயரைச் சொல்லாமல் தம் நூலுக்குத் தாமே மதிப்புரையும் எழுதிக்கொண்டார். சமூக ஊடகத்தில் இன்று நடப்பதைப் பார்த்து முகம் சுளிப்பவர்களுக்கு இது தெரிந்திருப்பது நல்லது.

விற்பனையைத் தோளிலேயே சுமந்தவர் சி.சு.செல்லப்பா. 1959இல் ‘எழுத்து’ இதழைத் தொடங்கி 119 இதழ்கள் நடத்திய அவர், எழுத்து பிரசுரம் வழியாகப் புதுக்கவிதை நூல்களையும் விமர்சன நூல்களையும் கொண்டுவந்தார். ந.பிச்சமூர்த்தியின் ‘காட்டு வாத்து’, பலரின் கவிதைகள் சேர்ந்த ‘புதுக்குரல்கள்’ ஆகியவை அவற்றில் அடங்கும். புத்தகப் பையுடன் கல்லூரி கல்லூரியாகச் சென்று அவரே விற்றார். மூன்று பாகங்களாக விரிந்த ‘சுதந்திர தாகம்’ நாவலையும் 1997இல் தாமே வெளியிட்டார். அப்போது அவருக்கு வயது 85. அடுத்த ஆண்டு அவர் காலமானார். அந்த நாவலுக்குச் சாகித்ய அகாதெமி விருது வந்தது 2001இல்.

ஈழத்தில் இதே வேலையைச் செய்தவர் டொமினிக் ஜீவா. யாழ்ப்பாணத்தில் 1966இல் ‘மல்லிகை’யைத் தொடங்கி, படிகளைக் கையில் எடுத்துக்கொண்டு தெருத்தெருவாகப் போய் விற்றவர், பின்னர் மல்லிகைப் பந்தல் என்ற பெயரில் நூல்களும் வெளியிட்டார். இலங்கைத் தமிழர் நடுவே ஆசிரியர் வெளியீட்டுக்கென்றே ஒரு சடங்கு உருவாகியிருக்கிறது. வெளியீட்டு விழாவில் முதற்பிரதியை ஊர்ப் பெரியவர் அல்லது வணிகர் ஒருவர் பெற்றுக்கொள்வார். அடுத்துச் சிறப்புப் பிரதிகள். பெற்றுக்கொள்பவர் கொடுக்கும் உறையில் புத்தக விலையைப்போலப் பல மடங்கு இருக்கும். அச்சகக் கடனில் ஒரு பகுதி அந்த மேடையிலேயே அடைபடும். மொய்யைப் போன்றதுதான், அதனாலேயே அது வேலை செய்கிறது.

அச்சுக்கூலியின் கணக்கைப் புரிந்துகொண்டால், இந்த எழுத்தாளர்கள் படும் பாடு பாதி விளங்கிவிடும். ஆஃப்செட் அச்சில் ஒவ்வொரு 16 பக்க ஃபாரத்துக்கும் தகடு செய்ய வேண்டும். நூறு படி அடித்தாலும் ஆயிரம் படி அடித்தாலும் தகட்டுச் செலவு ஒன்றே. ஆகவே ஆயிரம் அடித்தால்தான் ஒரு படியின் அடக்கவிலை இறங்கும். ஆயிரம் அடித்தால் எண்ணூறு கட்டிலுக்கடியில் கிடக்கும். புத்தகக் கடைகளும் விநியோகஸ்தர்களும் விலையில் மூன்றில் ஒரு பங்கு, சில நேரம் அதற்கும் மேல், கழிவாக எடுத்துக்கொள்கிறார்கள். ஒற்றைப் புத்தகத்தோடு வருகிறவரிடம் பேரம் பேச ஆர்வமும் காட்டுவதில்லை. டிஜிட்டல் அச்சு இந்த முடிச்சை ஓரளவு அவிழ்த்தது. தகடு தேவையில்லை என்பதால் முப்பது, ஐம்பது படிகள்கூட அடிக்கலாம். ஒரு படியின் விலை சற்றுக் கூடும். முடங்கும் பணம் வெகுவாகக் குறையும். ஆணை வந்த பிறகு அச்சிடும் பி.ஓ.டி முறையில் கையிருப்பே வேண்டியதில்லை.

பதிப்பகம் சத்தமில்லாமல் செய்துவிடும் வேலைகள் இங்கே எழுத்தாளரின் கண்ணில் படத் தொடங்கும். அவற்றில் முதன்மையானது செம்மையாக்கம். எழுதியவர் கண்ணுக்குத் தம் பிழை தெரியாது. இன்னொருவர் படித்தே ஆக வேண்டும். பணத்தை எங்கே மிச்சம் பிடித்தாலும் இங்கே பிடித்தால் புத்தகம் காட்டிக்கொடுத்துவிடும். எழுத்துருச் சிக்கல் இன்னொன்று. ஆசிரியர் யூனிகோடில் தட்டச்சு செய்து தருவதை, டி.டி.பி செய்பவர் தம் மென்பொருளுக்கேற்ற பழைய எழுத்துருவுக்கு மாற்றும்போது சில எழுத்துகள் காணாமல் போகும், ஒற்றுகள் இடம் மாறும். அச்சுக்குப் போகும் முன் கடைசி மெய்ப்பைத் தாளில் எடுத்துப் பார்ப்பது இதனால்தான் கட்டாயம்.

குழந்தைகளுக்கான புத்தகம் என்று வந்துவிட்டால் கணக்கு முழுதாக மாறுகிறது. படக்கதைகள் வழக்கமாக 16, 24 அல்லது 32 பக்கம். சொற்களோ சில நூறுதான். ஆனால் படம் வரைபவருக்கு மாதக்கணக்கில் வேலை. கறுப்பு மட்டும் அடிக்க ஒரு ஃபாரத்தின் இரண்டு புறத்துக்கும் இரண்டு தகடு போதும் என்றால், நால்வண்ணத்துக்கு எட்டுத் தகடு வேண்டும். தாள் கனமாக இருக்க வேண்டும், தைத்திருக்க வேண்டும். இல்லையென்றால் மூன்றாம் நாள் கிழிந்துவிடும். இவ்வளவையும் செய்தபின் விலையைக் குறைவாக வைக்கவும் வேண்டும், ஏனென்றால் படிப்பவர் ஒருவர், காசு கொடுப்பவர் இன்னொருவர். ‘இத்தனை சின்னப் புத்தகத்துக்கு இந்த விலையா’ என்று பெற்றோர் பக்கத்தை எண்ணிப் பார்ப்பார்கள். மொழியும் எளிதான விஷயமன்று. எழுத்துக் கூட்டிப் படிக்கும் ஆறு வயதுக் குழந்தைக்கு, சேர்த்தெழுதிய நீண்ட சொற்களைப் பிரித்துத் தர வேண்டும். உரையாடலைப் பேச்சுத் தமிழில் எழுதினால் ஆசிரியர்கள் முணுமுணுப்பார்கள். ஏட்டுத் தமிழில் எழுதினால் பாத்திரங்கள் மேடையில் நிற்பதுபோல் விறைப்பார்கள்.

இந்தக் கணக்கை நூற்றாண்டுக்கு முன்பே சரியாகப் போட்டவர் இங்கிலாந்தின் பியாட்ரிக்ஸ் பாட்டர். தம் முன்னாள் ஆசிரியையின் மகன் நோயில் கிடந்தபோது, 1893இல் அவனுக்குப் படத்துடன் எழுதிய கடிதம்தான் ‘பீட்டர் முயலின் கதை’க்கு வித்து. அதைப் புத்தகமாக்கப் பதிப்பகங்களைத் தேடிப் போனபோது அவை மறுத்தன. குழந்தையின் கைக்கு அடங்கும் அளவில், குறைந்த விலையில் வர வேண்டும் என்பதில் அவர் பிடிவாதமாக இருந்தார். 1901 டிசம்பரில் சொந்தச் செலவில் 250 படிகள் அடித்தார். வண்ணத்துக்கு ஆகும் செலவைத் தவிர்க்க, முகப்புப் படத்தை மட்டும் வண்ணமாக்கி உள்ளே கோட்டோவியங்களை வைத்தார். உறவினருக்கும் நண்பர்களுக்கும் விற்றே அவை தீர்ந்தன. சில வாரங்களில் மேலும் 200 அடிக்க வேண்டியிருந்தது. 1902 அக்டோபரில் ஃபிரெடரிக் வார்ன் பதிப்பகம் வண்ணப் பதிப்பைக் கொண்டுவந்தபோது, முதல் அச்சின் 8,000 படிகளும் வெளிவரும் முன்பே விற்றிருந்தன.

தமிழில் குழந்தைகளுக்கு எழுதியவர்களும் வேறு வேலை பார்த்துக்கொண்டு எழுதியவர்களே. வங்கியில் பணியாற்றிய அழ.வள்ளியப்பா 1950இல் குழந்தை எழுத்தாளர் சங்கத்தை அமைத்தார். தனித்தனியாக நின்றால் எடுபடாத குரல்களுக்குச் சங்கம் ஒரு கூரையானது. இன்று படம் வரையும் செலவைத் தாங்க முடியாதவர்களுக்கு வேறொரு வழி இருக்கிறது. பிரதம் புக்ஸ் 2015இல் தொடங்கிய ஸ்டோரிவீவர் தளத்தில், திறந்த உரிமத்தில் கிடைக்கும் ஓவியங்களை வைத்து யாரும் கதை எழுதலாம், இருக்கும் கதைகளைத் தமிழாக்கலாம். பணம் வராது, குழந்தைகளிடம் கதை போய்ச் சேரும்.

பெரியவர்களுக்கு எழுதுபவர்களுக்குப் பெரிய திருப்பம் மின்னூல். அமேசான் 2007இல் கிண்டிலையும் அதனோடு சுயவெளியீட்டு வசதியையும் கொண்டுவந்தது. தமிழ் மின்னூல்கள் அங்கே முறையாக ஏறத் தொடங்கியது 2016 டிசம்பரில். காப்புரிமைத் தொகை, விலைக்கும் நிபந்தனைக்கும் ஏற்ப 35 அல்லது 70 விழுக்காடு. அச்சில் பத்து விழுக்காடு கிடைப்பதே பெரிது என்றிருந்தவர்களுக்கு இந்த எண் மயக்கம் தரும். ஆனால் மின்னூலின் விலை குறைவு, தமிழில் அதை வாங்குவோரும் குறைவு. அமெரிக்காவின் ஆண்டி வீர் தம் ‘தி மார்ஷியன்’ நாவலைத் தம் தளத்தில் தொடராகப் போட்டு, வாசகர்கள் கேட்டதால் 2011இல் கிண்டிலில் 99 சென்ட்டுக்கு வைத்தார். பதிப்பகம் வாங்கியது, 2015இல் படமும் வந்தது. இந்தக் கதையை எல்லாரும் சொல்வார்கள். அதே ஆண்டில் அதே விலைக்கு வைத்து யாரும் வாங்காத நாவல்களை யாரும் சொல்வதில்லை.

சட்டத்தில் சில எளிய கடமைகள் உண்டு. நூலின் அடையாள எண்ணான ஐ.எஸ்.பி.என் 2007 முதல் 13 இலக்கம். இந்தியாவில் ராஜா ராம்மோகன் ராய் முகமை அதைக் கட்டணமின்றித் தருகிறது. நூலுக்கான காப்புரிமை எழுதிய கணத்திலேயே ஆசிரியருக்கு வந்துவிடுகிறது, பதிவு கட்டாயமில்லை. அவர் வாழ்நாளுக்குப் பின்னும் 60 ஆண்டு அது செல்லும். 1954ஆம் ஆண்டுச் சட்டப்படி, வெளியிடும் ஒவ்வொரு நூலையும் கொல்கத்தா தேசிய நூலகம், சென்னை கன்னிமாரா, மும்பையிலும் தில்லியிலும் உள்ள இரு நூலகங்கள் ஆகியவற்றுக்கு ஒவ்வொரு படி அனுப்ப வேண்டும். அச்சு அலுப்பில் இதை மறந்துவிடுகிற ஆசிரியர்கள் பலர்.

பதிப்பகம் இருந்தால் மறுபதிப்பு வரும். ஆசிரியர் வெளியீட்டுக்கு ஆசிரியரின் ஆயுள்தான் பெரும்பாலும் ஆயுள். எஞ்சிய படிகள் வீட்டைக் காலி செய்யும்போது பழைய தாள் கடைக்குப் போகும். கோட்டையூரில் விளம்பரப் பலகை எழுதிவந்த ரோஜா முத்தையா, பிறர் ஒதுக்கிய புத்தகங்களையும் காலணாப் பாட்டுப் புத்தகங்களையும் துண்டு நோட்டீசுகளையும் வாழ்நாள் முழுக்கச் சேர்த்தார். 1992இல் அவர் மறைந்தபின் சிகாகோ பல்கலைக்கழகம் அந்தச் சேகரத்தை வாங்க, அது சென்னையில் அவர் பெயரிலேயே ஆராய்ச்சி நூலகமானது. ஈழத்து நூல்களை 2005 முதல் நூலகம் தளம் மின்வடிவில் சேர்த்துவருகிறது. இரண்டு இடங்களிலும் வீட்டு முகவரியோடு வந்த வெளியீடுகள் ஏராளம். குழந்தைப் புத்தகங்கள் மட்டும் எந்தச் சேகரத்திலும் முழுதாகத் தேறுவது கடினம். அட்டை இருக்காது, நடுப் பக்கங்களில் மெழுகுப் பென்சில் கிறுக்கல் இருக்கும்.