பழி சுமந்த புரதத் திரள்

நடுவயதில் வந்து, கைகால்களை ஒருவரின் வசமின்றி ஆட்டுவித்து, நாளடைவில் புத்தியையும் அபகரித்து, பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால் பிள்ளைகள் ஒவ்வொருவருக்கும் சரிபாதி சாத்தியத்தோடு இறங்கிவரும் கொடிய பரம்பரை வியாதியொன்றை, 1872-இல் ஜார்ஜ் ஹண்டிங்டன் என்ற இளம் அமெரிக்க வைத்தியர் தெளிவாக வர்ணித்தார். அதற்குக் காரணமான மரபணு 1993-இல் அகப்பட்டது. நான்காண்டுகளுக்குப் பின், அந்தப் பழுதுபட்ட மரபணு விளைவிக்கும் ஹண்டிங்டின் என்ற புரதம், இறந்த நோயாளிகளின் மூளையணுக்களில் திரண்டு கிடப்பதும் தெரிய வந்தது. உடனே அந்தத் திரள்களின் மீதே பலரும் பழியைச் சுமத்தினார்கள். அவை இருந்த இடத்தில் மரணமும் இருந்ததைத் தவிர அதற்கு வேறு சாட்சியம் அதிகமில்லை.

சான் பிரான்ஸிஸ்கோவின் கிளாட்ஸ்டன் ஆராய்ச்சி நிலையத்தில் ஸ்டீவன் பிங்க்பைனரும் அவருடைய சகாக்களும் அந்தச் சாட்சியத்தோடு திருப்தியடையவில்லை. எலியின் மூளையில், இந்த வியாதி முதன்மையாகத் தாக்கும் பகுதியிலிருந்து எடுத்த நரம்பணுக்களை அவர்கள் தட்டில் வளர்த்து, ஒளிரும் புரதத்தோடு பிணைத்த ஹண்டிங்டினை அவற்றில் உண்டாக்கி, தானே இயங்கும் நுண்ணோக்கியொன்றின் கண்காணிப்பில் வைத்தார்கள். தட்டின் அடையாளக் குறியைக் கொண்டு அந்த யந்திரம் முன்பு பார்த்த அதே இடத்துக்குத் திரும்பிவந்து, தானே குவியம் சரிசெய்து, அதே அணுவை மறுபடியும் படமெடுக்கும். அணு சிதைந்தால் அதன் ஒளியும் மறையுமாகையால், எது எப்போது இறந்தது என்பதைப் படவரிசையே சொல்லிவிடும். மனிதர் பலமுறை பார்த்தாலும், ஆயிரம் அணுக்களுக்கிடையே நேற்றுப் பார்த்தது எது என்று நிச்சயிப்பது எளிதன்று. இந்த யந்திரத்தின் பெருமை வேகத்தைவிட இந்த விசுவாசத்திலேயே இருப்பதாக நான் கருதுகிறேன்.

இவ்வாறு கிடைத்த ஆயுள் விவரங்களை, காப்பீட்டுக் கணக்கர்களும் தொற்றுநோய் ஆராய்வோரும் கையாளும் கணிதத்தால் சோதித்தபோது வெளிப்பட்ட உண்மை, 2004-இல் நேச்சர் சஞ்சிகையில் பிரசுரமாயிற்று: திரள் உண்டான அணுக்களே அதிக காலம் பிழைத்திருந்தன. திரளாமல் அணுவெங்கும் பரவிக்கிடந்த புரதத்தின் அளவு மிக மிக மரணத்தின் அபாயமும் மிகுந்தது. திரள் உருவானதும் அந்தப் பரவிய பங்கு குறைந்தது. கொலையாளி என்று எண்ணப்பட்டது, அணு தன்னைக் காத்துக்கொள்ளச் செய்த பிரயத்தனமாக இருந்தது. திரள் எந்நோயிலும், எந்நிலையிலும் தீங்கற்றது என்று இதிலிருந்து முடிவு கட்டுவது தவறு. ஆனால் திரள்களைக் கரைப்பதொன்றையே லட்சியமாகக் கொண்டு மருந்து தேடுவோர், கரைந்த புரதம் அணுவுக்குள் எங்கே போய்ச் சேரும் என்பதையும் விசாரித்தாக வேண்டும்.