பகிடி யாருக்கு? வலி யாருக்கு?

களுபோவிலயில் தையல் வகுப்பு முடிந்ததும் பெண்கள் சற்று இருந்து கதைப்பதுண்டு. ஒரு நாள், யுத்தத்தில் வீடு வாசல் இழந்து கிளிநொச்சியிலிருந்து வந்த அக்கா ஒருவர் சொன்னார்: "கந்தோருகளுக்குப் போனால் நான் வாய் திறக்கிறேல்லை மிஸ். மகளைத்தான் கதைக்க விடுறனான். என்ர சிங்களத்தைக் கேட்டுச் சிரிக்கினம்."

படிவத்தை வாங்கிய அலுவலர் ஒருவர், நாடகத்தில் வரும் தமிழரைப் போல அவரது பேச்சைப் பக்கத்து மேசைக்கு நடித்துக் காட்டினாராம்.

'அது வெறும் பகிடிதானே' என்று சிலர் கேட்கலாம். எல்லாப் பகிடியும் ஒன்றா?

இலங்கை வானொலியின் 'கோமாளிகளின் கும்மாளம்' நாடகத்தை எமது தாய்மார் மறந்திருக்க மாட்டார்கள். 1976இல் அது 'கோமாளிகள்' என்ற திரைப்படமாகவும் வந்தது. முஸ்லிம் மரிக்காராக நடித்தவர் எஸ். ராமதாஸ். சிங்கள உபாலியாக நடித்தவர் செல்வசேகரன். பிராமண ஐயராக நடித்தவர் பி. எச். அப்துல் ஹமீத். யாழ்ப்பாணத்து அப்புக்குட்டியாக வந்தவர் ரி. ராஜகோபால். ஒருவரின் பேச்சை மற்றவர் பேசினார். எல்லோரும் கேலிக்கு ஆளானார்கள். எல்லோரும் திருப்பிக் கேலி செய்தார்கள். அதனால் அந்தச் சிரிப்பில் நஞ்சு இருக்கவில்லை.

ஆனாலும் ஒரு குறை உண்டு. நாடகம் தமிழில் நடந்தது. உபாலியின் கொச்சைத் தமிழுக்குச் சிரித்தவர்கள் நாங்கள். அயல்வீட்டுச் சிங்களவர் அதைக் கேட்டுப் பதில் சொல்ல வழியிருக்கவில்லை. சிங்கள மேடையில் தமிழரின் உச்சரிப்பைக் கேலி செய்தபோது எமக்கும் அதே நிலைதான்.

1983 ஜூலையில் கொழும்பு வீதிகளில் ஆட்களை மறித்த கும்பல்கள், வாளிக்குரிய சிங்களச் சொல்லான 'பால்திய'வைச் சொல்லச் சொன்னார்கள். அதன் முதல் ஓசைக்குத் தமிழில் தனி எழுத்தில்லை. நாக்குத் தடுமாறியவர் தமிழர் என்று பிடிபட்டார். மேடையில் கைதட்டல் வாங்கிய அதே தடுமாற்றம், தெருவில் உயிரை வாங்கியது.

பகிடி கலவரத்தை உண்டாக்கியது என்று நான் சொல்லவில்லை. ஆனால் ஒரு கூட்டத்தார் அனைவரையும் ஒரே அச்சில் வார்த்துப் பார்க்க அது பழக்கிவிடும். அச்சை உடைக்கும் பகிடியும் உண்டு, இறுக்கும் பகிடியும் உண்டு. இரண்டையும் பிரித்தறிய ஒரு கேள்வி போதும்: கேலிக்கு ஆளானவர் பயமின்றித் திருப்பிப் பகிடி விட முடியுமா? கையில் படிவத்துடன் நின்ற அக்காவால் முடியவில்லை.

இதைக் கதைத்துக்கொண்டிருந்தபோது, ஹட்டனிலிருந்து வந்த தங்கச்சி ஒருத்தி மெதுவாகக் கேட்டாள்: "நான் பேசுறத கேட்டு நீங்களும் சிரிக்கிறீங்கதானே அக்கா?"

வகுப்பு அமைதியானது. உண்மைதான். மலையகத் தமிழ், மட்டக்களப்புத் தமிழ், முஸ்லிம் சகோதரிகளின் தமிழ் என்று நாமும் நடித்துக் காட்டிச் சிரித்திருக்கிறோம். பிள்ளைகள் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அக்கா எழுந்துபோய் அவளருகில் இருந்தார். "இனிச் சிரிக்க மாட்டன் பிள்ளை" என்றார்.

சகோதரிகளே, 1987ஆம் ஆண்டின் 13ஆவது திருத்தத்தின்படி தமிழும் அரச கரும மொழி. கந்தோரில் தமிழில் கேட்பது உங்கள் உரிமை. சிங்களத்தில் தடுமாறுவது வெட்கமல்ல. வீட்டில் பகிடி விடுமுன், அந்த ஆள் பக்கத்தில் இருந்தால் சேர்ந்து சிரிப்பாரா என்று யோசியுங்கள்.